பழைய லேப்டாப்பில் மின்ட் 22 பாதியில் நிற்கிறது, "எர்னோ 5" என்கிறது

தகரப்பெட்டி

வணக்கம் மக்களே. 2009 காலத்து லேப்டாப் ஒன்று. கோர் 2 டுவோ, டிடிஆர்2 ரேம் 2+2 ஆக 4 ஜிபி, 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், இன்டெல் ஆன்போர்டு கிராபிக்ஸ். விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதைவிட நொண்டியது எனலாம், திடீர் திடீரென்று நீலத்திரை வரும். இதற்கு மேல் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று போட்டோ, டாக்குமெண்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு லினக்ஸ் மின்ட் 22-இன் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட உட்கார்ந்தேன்.

பென்டிரைவில் லைவ் (இன்ஸ்டால் செய்யாமலே நேரே ஓடும் மின்ட்) நன்றாகவே வருகிறது. வைஃபை பிடிக்கிறது, பிரவுசர் திறக்கிறது. இன்ஸ்டால் கொடுத்தால் ஃபைல் காப்பி ஆகும்போது நின்றுவிடுகிறது. ஒரு பெட்டி வருகிறது: எர்னோ 5, இன்புட்/அவுட்புட் எரர். கூடவே ஒரு நீண்ட அறிவுரை. சிடியைத் துடையுங்கள், குறைந்த வேகத்தில் எரியுங்கள், சிடி டிரைவின் லென்ஸைச் சுத்தம் செய்யுங்கள், ஹார்ட் டிஸ்க் பழசா பாருங்கள், கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். நான் போடுவதோ பென்டிரைவில்!

மறுபடி போட்டால் வேறொரு இடத்தில் நிற்கிறது. பென்டிரைவை மாற்றியும் இதே கதை. எங்கே ஆரம்பிப்பது?

இலகுரகம்

ப்ரோ, கோர் 2 டுவோவில் மின்ட் 22 எல்லாம் ஓவர். லேசான லினக்ஸா ஆன்ட்டிஎக்ஸ் இல்லைன்னா பப்பி போடுங்க, பறக்கும். இந்த மாதிரி மெஷினுக்கு நான் வேற எதையும் சிபாரிசு பண்றதே இல்ல.

பூட்டு_சாவி

பயாஸில் செக்யூர் பூட்டை (அனுமதியில்லாத சிஸ்டம் கிளம்பாம தடுக்கும் பூட்டு) ஆஃப் பண்ணிட்டு, யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்த புது முறை) மோடை லெகசிக்கு மாத்திப் பாருங்க. பாதி பிரச்சினை அதிலேயே தீரும்.

தகரப்பெட்டி

@பூட்டு_சாவி, பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற சொல்லே எங்கும் இல்லை. செக்யூர் பூட்டும் இல்லை. நீல நிற மெனு, நாலு பக்கம், அவ்வளவுதான்.

லாக்_படி

செக்யூர் பூட்டாக இருந்தால் பென்டிரைவே கிளம்பியிருக்காது. லைவ் டெஸ்க்டாப் வரை வந்துவிட்டதால் அந்தக் கதவைத் தாண்டியாகிவிட்டது. அதை விடுங்கள்.

மின்ட் 22 இந்த மெஷினுக்குக் கனமா என்றால், இன்ஸ்டாலாகாத அளவுக்கு இல்லை. அவர்கள் சொல்லும் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க். 4 ஜிபி என்பது வசதியாக ஓட. மெதுவாக ஓடுவது வேறு, எர்னோ 5 வருவது வேறு. ரேம் போதாமல் போனால் கர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும், அல்லது மெஷின் உறைந்து நிற்கும். இன்புட்/அவுட்புட் எரர் வராது.

அந்தப் பெட்டியில் வரும் அறிவுரையை அப்படியே நம்ப வேண்டாம். இன்ஸ்டாலருக்குத் தெரிந்தது 5 என்ற எண் மட்டும்தான். "படிக்கவோ எழுதவோ முடியவில்லை" என்று கர்னல் சொன்னதன் சுருக்கம் அது. எதைப் படிக்கும்போது, எந்தச் சாதனத்தில் என்ற விவரமெல்லாம் மேலே வரும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் சிடி லென்ஸிலிருந்து அறை வெப்பம் வரை எல்லாவற்றின் மேலும் சந்தேகப்படுகிறது. சிடியில் லினக்ஸ் போட்ட காலத்து வாசகம், இன்னும் மாற்றவில்லை.

உதிர்ந்த விவரம் கர்னல் லாகில் அப்படியே இருக்கும். அடுத்த முறை நின்றவுடன் பெட்டியை மூடிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யாமல், டெர்மினல் திறந்து சுடோவோடு (அட்மின் அனுமதியோடு) டிமெசேஜ் கட்டளை கொடுங்கள். கடைசி ஐம்பது வரிகளைப் பாருங்கள். இதில் எது வருகிறது என்று சொல்லுங்கள்:

எஸ்டிஏ என்ற பெயரோடு ஐ/ஓ எரர் வந்தால் அது பெரும்பாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க். எஸ்டிபி என்றால் பென்டிரைவ். சில மெஷினில் இரண்டும் இடம் மாறியிருக்கும், எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவை வைத்து எது எதுவென்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் என்று மட்டும் வந்தால் கதை வேறு.

கூடவே, டிஸ்க்ஸ் என்ற செயலி லைவிலேயே இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்து, ஸ்மார்ட் டேட்டாவில் (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) ரீஅலொகேட்டட் செக்டார், பென்டிங் செக்டார், யுடிஎம்ஏ சிஆர்சி எரர் மூன்றின் எண்ணையும் போடுங்கள். மேலே "டிஸ்க் ஓகே" என்று பச்சையாக இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்க்கும் அந்த ஓகேவை வாங்கிவிடும்.

அனுபவஸ்தன்

இவ்வளவு மெனக்கெடணுமா? பழைய டிஸ்கைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டா எல்லாம் சரியாயிடும். 15 வருஷ டிஸ்க் சார் அது.

லாக்_படி

எஸ்எஸ்டி நல்ல யோசனைதான், இந்த மாதிரி மெஷினுக்கு அதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் குற்றவாளி டிஸ்க் என்று தெரிந்த பிறகு வாங்கலாம். இல்லையென்றால் புது எஸ்எஸ்டியிலும் அதே எர்னோ 5 வந்து நிற்கும்.

தகரப்பெட்டி

லாக் கிடைத்தது. எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டுக்கும் ஒரு எரரும் இல்லை. இப்படித்தான் வரிசையாக இருக்கிறது:

ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்: டிகம்ப்ரெஷன் ஃபெயில்டு, டேட்டா ப்ராபப்லி கரப்ட்
ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்: ஃபெயில்டு டு ரீட் ப்ளாக் ... : -5

இதே ஜோடி பல தடவை. ஸ்மார்ட்டில் ரீஅலொகேட்டட் 0, பென்டிங் 0, சிஆர்சி 0.

இதற்கு நடுவே @இலகுரகம் சொன்னபடி பப்பியும் போட்டுப் பார்த்தேன். அது ஒரு எரரும் இல்லாமல் கிளம்பிவிட்டது. நன்றாகவும் ஓடுகிறது.

இலகுரகம்

நான் தான் சொன்னேனே 😄 மேட்டர் க்ளோஸ்.

லாக்_படி

க்ளோஸ் ஆகவில்லை, இப்போதுதான் சுவாரசியமாகிறது.

முதலில் அந்த -5. இன்ஸ்டாலர் காட்டிய 5 அதுதான். லைவ் பென்டிரைவில் இருப்பது தனித்தனி ஃபைல்கள் இல்லை. முழு சிஸ்டமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒரே சுருக்கப்பட்ட ஃபைலுக்குள் இருக்கிறது. கர்னல் அதிலிருந்து ஒரு துண்டைப் படித்து, ரேமில் வைத்து, அங்கேயே விரித்து இன்ஸ்டாலருக்குக் கொடுக்கும். பென்டிரைவிலிருந்து படிக்கும் வேலை எரர் இல்லாமல் முடிந்திருக்கிறது, எஸ்டிபி எரர் இல்லாததே அதற்குச் சாட்சி. ஹார்ட் டிஸ்கில் எழுதுவதிலும் புகார் இல்லை. படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில், விரிக்கும்போது, "இது நான் எதிர்பார்த்த டேட்டா இல்லை" என்கிறது. சுருக்கிய டேட்டாவில் ஒரு பிட் புரண்டாலும் மொத்தத் துண்டும் விரியாது. அதனால்தான் இன்ஸ்டால் சமயத்தில் இது இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

ஆக மிச்சம் இரண்டு சந்தேகம். பென்டிரைவில் இருக்கும் ஃபைலே கெட்டிருக்கலாம். அல்லது அது வந்து உட்காரும் ரேம் கெட்டிருக்கலாம்.

நீங்கள் முதல் பதிவிலேயே ஒரு தடயம் கொடுத்துவிட்டீர்கள்: ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. கெட்ட ஃபைல் என்றால் அதே இடத்தில்தான் மாட்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம், சூடு, அல்லது ஆடுகிற யுஎஸ்பி போர்ட். விண்டோஸ் 7-இல் காரணமில்லாமல் வந்த நீலத்திரையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை. லைவில் சிடிராம் ஃபோல்டருக்குள் காஸ்பர் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ஃபைல்சிஸ்டம் டாட் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற பெரிய ஃபைலுக்கு ஷா256சம் போடுங்கள், ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் வரும். விடையின் கடைசி ஆறு எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கர்னலின் ட்ராப்_கேஷஸில் 3 என்று எழுதி கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடி போடுங்கள். இந்தக் காலி செய்யும் வேலை முக்கியம். செய்யாவிட்டால் முதல் முறை ரேமுக்கு வந்த பிரதியையே கர்னல் மறுபடி காட்டும், இரண்டு விடையும் ஒன்றாக இருப்பது போல ஏமாற்றும்.

ஒவ்வொரு முறையும் ஒரே விடை, ஆனால் தப்பான விடை என்றால் பென்டிரைவ் கெட்டது. முறைக்கு ஒரு விடை வந்தால் ஃபைலை விட்டுவிடலாம்.

இனி பப்பி. அதன் மொத்த அளவே மின்ட்டில் ஒரு சிறு பங்கு. ரேமில் கொஞ்சம் இடத்தில் உட்கார்ந்துவிடும். மின்ட் இன்ஸ்டால் ஆகும்போது கர்னல் காலியாக இருக்கும் ரேம் முழுவதையும் கேஷாக நிரப்பும். பழுது அந்தக் கொஞ்ச இடத்துக்கு வெளியே இருந்தால் பப்பி அதைத் தொடாமலே வாரக்கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள் நிறைய டேப் திறப்பீர்கள், ஒரு ஃபைலைச் சேமிப்பீர்கள், அது கெட்டுப்போய் டிஸ்கில் உட்காரும். அப்போது எரர் பெட்டிகூட வராது. "லேசான டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டேன், சரியாயிடுச்சு" என்று எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். சரியானதா, இல்லை பள்ளத்தின் மேல் இன்னும் கால் படவில்லையா?

இலகுரகம்

இதை நான் யோசிக்கவே இல்ல. ஆனா வீக் மெஷின்ல மின்ட் ஸ்லோவா இருக்கும்ங்கறது உண்மைதானே?

லாக்_படி

உண்மைதான். ஆன்ட்டிஎக்ஸ் நல்ல டிஸ்ட்ரோ, அதில் சண்டையில்லை. ரேம் சரியான பிறகு எதைப் போடுவது என்பது அவர் விருப்பம்.

தகரப்பெட்டி

ஷா256சம் மூன்று முறை, கேஷைக் காலி செய்து காலி செய்து. மூன்று விடை! ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதே பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே விடை வருகிறது. இந்த லேப்டாப்பிலேயே மற்ற யுஎஸ்பி போர்ட்டிலும் பார்த்தேன், அங்கேயும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

லாக்_படி

அப்போ ரேம்தான், அல்லது அதைச் சுற்றியுள்ளது. மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். பென்டிரைவின் பூட் மெனுவிலேயே மெமரி டெஸ்ட் இருந்தால் அது போதும். இல்லையென்றால் தனியாக இறக்கி இன்னொரு பென்டிரைவில் எழுதுங்கள். முதலில் இரண்டு ரேமோடும் ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அது பழுதுதான், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. ஒன்றும் வராவிட்டால் மட்டும் இரவு முழுக்க விடுங்கள். சில பழுது சூடான பிறகுதான் தலைகாட்டும்.

சிவப்பு வந்தால் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு அடிமூடியைத் திறங்கள். ரேமைத் தொடும் முன் உலோகம் எதையாவது தொட்டுக்கொள்ளுங்கள். இரு பக்கக் கவ்வியை விலக்கினால் ரேம் தானே சாய்ந்து எழும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. பழுது ரேமோடு போகிறதா, ஸ்லாட்டோடு தங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்லாட்டை மாற்றி ரேமையும் ஒரே நேரத்தில் மாற்றினால் விடை கிடைக்காது.

தகரப்பெட்டி

இரண்டும் சேர்ந்து: சில நிமிடத்திலேயே சிவப்பு. எதிர்பார்த்தது, கிடைத்தது என்று இரண்டு எண் காட்டுகிறது. எல்லா வரியிலும் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், அதுவும் அதே இடத்து இலக்கம்.

முதல் ரேம் மட்டும்: இரவு முழுக்க ஓடியது, சுத்தம்.
இரண்டாவது ரேம் மட்டும், அதே ஸ்லாட்டில்: சிவப்பு.
இரண்டாவது ரேமின் பொன்னிறக் கால்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி: அதே சிவப்பு, அதே இலக்கம்.
முதல் ரேம், இரண்டாவது ஸ்லாட்டில்: சுத்தம்.

லாக்_படி

அருமையான சோதனை. கேள்விக்கு இடமே வைக்கவில்லை. கால்களைத் தேய்த்த பிறகும், ஸ்லாட் நன்றாக இருந்தும் ஒரே பிட் தொடர்ந்து தப்பு என்றால் அந்த ரேமிலேயேதான் பழுது, தூசியோ தளர்ந்த இணைப்போ இருக்க வாய்ப்பு குறைவு. அந்த ரேமைப் பழைய கவரில்கூடப் போட்டு வைக்க வேண்டாம், ஒருநாள் மறந்துபோய் வேறெதிலாவது மாட்டுவோம்.

ஹெக்ஸ்_பிரியை

தூக்கிப் போட அவசரம் வேண்டாமே? எந்த முகவரியில் பழுது என்று மெம்டெஸ்ட் காட்டுகிறது. க்ரப் (லினக்ஸைக் கிளப்பும் புரோகிராம்) கான்ஃபிக்கில் க்ரப்_பேட்ரேம் என்று ஒரு வரி உண்டு, இல்லையென்றால் கர்னலுக்கு மெம்மேப் ஆப்ஷன். அந்த முகவரிகளை ஒதுக்கிவிட்டால் கர்னல் அங்கே போகவே போகாது. 2 ஜிபி ரேமில் சில கேபிதான் இழப்பு. நான் ஒரு மெஷினை இப்படித்தான் ஓட்டுகிறேன்.

லாக்_படி

வழி இருக்கிறது, வேலையும் செய்யும். மெஷினைத் தெரிந்தவர் கையில் இருந்தால் சரி. எனக்குத் தயக்கம் இரண்டு விஷயத்தில். அவர் சொல்வதைப் பார்த்தால் பழுது ஒரு புள்ளியில் இல்லை, பல வரிகளில் ஒரே பிட். அப்படியானால் முகவரிகள் பரவியிருக்கும், எத்தனையைத்தான் ஒதுக்குவது? அடுத்தது, ஒதுக்குவது இந்தக் கர்னலும் இந்தக் க்ரப்பும் மட்டும்தான். நாளைக்கு இன்னொரு பென்டிரைவில் பூட் செய்து பேக்கப் எடுத்தால் அதற்கு எதுவும் தெரியாது. மெம்மேப்பில் டாலர் குறியை எத்தனை சாய்கோட்டோடு எழுதுவது என்ற தலைவலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் மட்டும் பழுது, ரேம் போர்டோடு பற்றவைத்தது, கழற்ற முடியாது என்றால் நானே உங்கள் வழியைத்தான் சொல்வேன்.

ஹெக்ஸ்_பிரியை

போர்டோடு பற்றவைத்த ரேமில்தான் நான் செய்தேன். இங்கே கழற்ற முடிகிறது என்றால் கழற்றிவிடுவதே மேல், ஒத்துக்கொள்கிறேன்.

தகரப்பெட்டி

2 ஜிபியோடு மின்ட் போட்டேன். இந்தத் தடவை காப்பி முழுதும் ஓடியது, க்ரப்பும் எரர் இல்லாமல் முடிந்தது. "இன்ஸ்டாலேஷன் கம்ப்ளீட்" பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" 😐

பயாஸில் பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க்தான் முதலில் இருக்கிறது. லைவில் போய்ப் பார்த்தால் டிஸ்கில் மூன்று பகுதி: 1 எம்பி ஒன்று, 513 எம்பி ஒன்று, மீதி முழுக்க ஒன்று. ஃபைல் எல்லாம் உள்ளே இருக்கிறது.

பூட்டு_சாவி

பூட்-ரிப்பேர் ஓட்டுங்க, லைவ்லயே இருக்கு. க்ரப்பைத் திரும்பப் போட்டுக் கொடுக்கும்.

லாக்_படி

இங்கே பூட்-ரிப்பேர் உதவாது என்று நினைக்கிறேன். க்ரப் இல்லாமல் இல்லை. க்ரப் வரைக்கும் பயாஸ் போகவே இல்லை. க்ரப்பில் சிக்கல் என்றால் "க்ரப்" என்ற எழுத்தோ, க்ரப் ரெஸ்க்யூ என்ற திரையோ வரும். "நாட் ஃபவுண்ட்" என்பது பயாஸின் குரல்.

1 எம்பி, 513 எம்பி, மீதி. டிஸ்க் முழுவதையும் துடைத்துப் போடச் சொன்னால் இன்றைய இன்ஸ்டாலர் செய்யும் ஏற்பாடு இது. டிஸ்கை ஜிபிடி என்ற புது முறையில் பிரிக்கும். பழைய பயாஸுக்காகக் க்ரப்பின் ஒரு பாகத்தை வைக்க அந்த 1 எம்பி, யுஇஎஃப்ஐ மெஷினுக்கு மாற்றினாலும் ஓடட்டும் என்று அந்த 513 எம்பி. ஏற்பாட்டில் தவறில்லை, பெரும்பாலான பயாஸ் இதை ஏற்கும். ஆனால் சில பழைய பயாஸ்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிஸ்கின் முதல் செக்டாரில் உள்ள பட்டியலில் "ஆக்டிவ்" என்று குறித்த பகுதி ஒன்றாவது இருந்தால்தான் அதை பூட் ஆகும் டிஸ்க் என்றே மதிக்கும். ஜிபிடி டிஸ்கின் முதல் செக்டாரில் ஒப்புக்கு ஒரே ஒரு பாதுகாப்புப் பகுதி இருக்கும், அதில் அந்தக் குறி இருக்காது. பயாஸ் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறது.

திரும்ப இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. லைவில் டெர்மினல் திறந்து, சுடோவோடு பார்ட்டெட்டை உங்கள் ஹார்ட் டிஸ்கின் மேல் ஓட்டுங்கள். எஸ்டிஏ என்று முழு டிஸ்கையும் கொடுக்க வேண்டும், எஸ்டிஏ1 இல்லை. உள்ளே போனதும் டிஸ்க்_செட் பிஎம்பிஆர்_பூட் ஆன் என்று அடித்து, குவிட் கொடுத்து வெளியே வாருங்கள். ஒப்புக்கு இருக்கும் அந்தப் பகுதியின் மேல் ஆக்டிவ் குறி போடுவது மட்டும்தான் இது, டேட்டா எதையும் தொடாது. எஃப்டிஸ்கிலும் செய்யலாம்: பெரிய எம் அடித்து முதல் செக்டார் பட்டியலுக்குள் போய், சின்ன ஏ அடித்துக் குறி போட்டு எழுத வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் டிஸ்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்து, "சம்திங் எல்ஸ்" வழியாகக் கையால் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

தகரப்பெட்டி

பூட் ஆகிவிட்டது!! பிஎம்பிஆர் குறி போட்டு ரீஸ்டார்ட், நேரே லாகின் திரை. இந்த ஒரு வரியை எங்கே போய்த் தேடியிருப்பேன்.

இன்னும் ஒன்று, சின்னது. அப்டேட் ஓடவில்லை. "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடி ஆகவில்லை" என்கிறது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை.

அனுபவஸ்தன்

தேதியைப் பாருங்க சார்.

தகரப்பெட்டி

2009 என்று காட்டுகிறது 😄 சரி செய்தேன், அப்டேட் ஓடுகிறது.

லாக்_படி

பேட்டரியைக் கழற்றியதும் தேதி போனது என்றால் போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, சில லேப்டாப்பில் ஒயரோடு சின்ன உறையில் இருக்கும். மாற்றிவிடுங்கள். தேதி மட்டுமில்லை, பயாஸில் நீங்கள் வைத்த பூட் வரிசையும் சாட்டா மோடும் அதோடு சேர்ந்தே மறந்துபோகும். நெட் கிடைத்தால் தேதியை லினக்ஸ் தானே திருத்திக்கொள்ளும், பயாஸ் அமைப்பை யாரும் திருத்த மாட்டார்கள்.

நெட்புக்_நேசன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஏட்டம் என்270 ப்ராசஸர் போட்ட நெட்புக் இருக்கு, 1 ஜிபி ரேம். மின்ட் 22 பென்டிரைவ் போட்டால் "இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இருப்பது ஐ686" என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. இதுவும் ரேமா?

லாக்_படி

இல்லை. அது உண்மையையே சொல்லும் அபூர்வமான எரர். என்270 வெறும் 32 பிட் ப்ராசஸர், எந்த 64 பிட் டிஸ்ட்ரோவும் அதில் ஏறாது. மற்றவர்களும் சோதிக்கலாம்: எல்எஸ்சிபியு கட்டளையில் ஃப்ளாக்ஸ் வரிசையில் எல்எம் என்ற இரண்டெழுத்து இருந்தால் 64 பிட், இல்லையென்றால் 32.

32 பிட்டுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. 12-இல் உண்டு. டெபியன் 12-இன் மேல் கட்டிய ஆன்ட்டிஎக்ஸ் 23-இல் 32 பிட் பதிப்பு உண்டு. 1 ஜிபி ரேமுக்கு அதுதான் பொருத்தம். @இலகுரகம், இந்தக் கேள்வி உங்களுக்கானது, நீங்களே வழிகாட்டலாம்.

இலகுரகம்

வாங்க நெட்புக் ப்ரோ, தனி இழை போடுங்க, படிப்படியா சொல்றேன். ஆனா முதல்ல மெம்டெஸ்ட் ஓட்டிட்டு வாங்க 😄

சர்வர்_பித்தன்

@தகரப்பெட்டி, எனக்கு ராக்கி லினக்ஸ் 9 பழக்கம். உங்கள் மெஷினில் அது ஓடுமா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா? என்னிடமும் ஒரு கோர் 2 டுவோ தூங்குகிறது.

லாக்_படி

பார்க்கவே வேண்டாம், ஓடாது. ராக்கி, ரெட்ஹாட் லினக்ஸை ஒட்டிக் கட்டியது. ரெட்ஹாட் 9 வரிசை எக்ஸ்86-64-வி2 என்ற ப்ராசஸர் மட்டத்துக்குக் கட்டப்பட்டது. அதற்கு எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்ற ப்ராசஸர் வசதிகள் வேண்டும். கோர் 2 டுவோவில் இரண்டும் கிடையாது, அதில் கடைசியாக வந்த மாடல்கள்கூட எஸ்எஸ்இ4.1-ஓடு நின்றுவிட்டன. 64 பிட் என்றாலே எல்லாம் ஏறும் என்ற காலம் போய்விட்டது. டெபியனும் உபுண்டுவும் மின்ட்டும் இன்னும் பழைய அடிமட்டத்திலேயே கட்டுகிறார்கள், அதனால்தான் இந்த மெஷினுக்கு மின்ட் 22 சாத்தியமாகிறது.

தகரப்பெட்டி

மின்ட் இப்போது நன்றாகவே ஓடுகிறது. 2 ஜிபியில் பிரவுசர் டேப் கூடினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். இன்னொரு 2 ஜிபி தேடுகிறேன்.

ஒரு கவலை. விண்டோஸில் இருந்து வெளி டிஸ்க்குக்கு மாற்றியதாகச் சொன்னேனே, போட்டோக்கள். அதுவும் இந்தக் கெட்ட ரேம் வழியாகத்தானே போயிருக்கும்?

லாக்_படி

ஆமாம், எனக்கும் அது மனசில் ஓடிக்கொண்டிருந்தது. காப்பி ஆகும் ஒவ்வொரு பைட்டும் ரேமில் இறங்கி ஏறித்தான் போகும். ஜேபெக்கில் ஒரு பிட் புரண்டால் அந்த இடத்துக்குக் கீழே படம் நிறம் மாறியோ, பாதி சாம்பலாகவோ தெரியும். ஜிப் ஃபைல் என்றால் திறக்கும்போது சிஆர்சி எரர் என்று தானே சொல்லிவிடும். வீடியோவில் ஒரு நொடிக் கட்டம் கட்டமாக வந்து போகும், கவனிக்கவே மாட்டோம். டெக்ஸ்ட் ஃபைலில் ஓர் எழுத்து மாறியிருக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம்.

எல்லாம் கெட்டிருக்கும் என்று பயப்பட வேண்டாம், பழுதான பிட்டின் மேல் விழுந்தவை மட்டும்தான். ஜேபெக்குகளைச் சோதிக்க ஜேபெக்இன்ஃபோ என்ற சின்னக் கட்டளைக் கருவி இருக்கிறது, செக் ஆப்ஷனோடு ஃபோல்டர் முழுக்க ஓட்டினால் விரியாத படங்களைப் பட்டியல் போடும். நிறம் மட்டும் மாறியவற்றை அது பிடிக்காது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சந்தேகமானவை கேமரா கார்டிலோ போனிலோ மெயிலிலோ இன்னும் இருக்கிறதா பாருங்கள். அதுவரை எந்த மூலப் பிரதியையும் அழிக்காதீர்கள்.

தகரப்பெட்டி

ஓட்டினேன். பெரும்பாலும் நல்லபடியாக இருக்கிறது. சில படங்கள் பட்டியலில் வந்தன, திறந்தால் நீங்கள் சொன்ன மாதிரியே பாதிக்குக் கீழே சாம்பல். அதில் பல போனிலேயே இருக்கின்றன, மீட்டுவிட்டேன். மீதிக்குப் பழைய மெயில்களைத் துழாவுகிறேன்.

ரேம் வாங்கும்போது வேறெதைக் கவனிக்க வேண்டும்? வேகம் 800 என்று பழைய ஸ்டிக்கரில் இருக்கிறது.

லாக்_படி

லேப்டாப்புக்கான சின்ன அளவு டிடிஆர்2, 800 அல்லது 667. 667 போட்டால் இரண்டும் அந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், கெடுதல் இல்லை. டிடிஆர்3 பொருந்தாது, நடுவில் இருக்கும் வெட்டு வேறிடத்தில் இருக்கும். அழுத்தித் திணிக்காதீர்கள். டிடிஆர்2 இப்போது பெரும்பாலும் பயன்படுத்தியதுதான் கிடைக்கும், ஆகவே மாட்டியவுடன் மின்ட்டுக்குள் போகாமல் நேரே மெம்டெஸ்ட். முதலில் அது மட்டும் தனியாக, பிறகு இரண்டும் சேர்ந்து இரவு முழுக்க. தனித்தனியாகச் சுத்தமாக இருந்து, சேர்ந்தால் தகராறு செய்யும் ஜோடிகளும் உண்டு.

அது கிடைக்கும் வரை இசட்ரேம்-டூல்ஸ் தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ரேமில் ஒரு பங்கைச் சுருக்கிய ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது டேட்டாவை ஒதுக்கி வைக்கும் இடம்) மாற்றும், 2 ஜிபியில் பிரவுசர் இழுப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். அதன் கான்ஃபிக் ஃபைலில் பெர்சன்ட் என்ற வரியில் 50 வைத்தால் போதும்.